அதற்குப் பின்

பசு இன்னும் படுக்கவில்லை.
கொட்டகை வெப்பமானியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே பத்தொன்பது.
வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்த
சோல்வெய்க் ஹௌகன், கால்நடை மருத்துவர்,
கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறக்கிறாள்:
ஹார்பெக் ப்ரெய்ரி வங்கியின் ஆண்டறிக்கை.

அவளிடம் இருப்பது அறுநூற்று நாற்பது பங்கு.
இன்னும் ஆயிரம் வாங்கலாமா?
விலை மலிவு என்கிறார்கள்.
மலிவாக வந்த எந்த மாட்டையும்
பல்லைப் பிடித்துப் பார்க்காமல்
அவள் நல்ல மாடு என்று எழுதிக் கொடுத்ததில்லை.

அட்டையில் கோதுமை வயல், சிரிக்கும் குடும்பம்.
தலைவர் ட்வெட்டின் கடிதத்தில்
'வலுவான' என்ற சொல் ஒன்பது முறை.
கடனோ கடைசியில், பொடி எழுத்தில்.

வங்கி கவிழ்ந்தால் பந்தி எப்படி நடக்கும் என்று பார்க்கிறாள்.
ஈடு வாங்கிக்கொண்டு கொடுத்தவர்கள்
பந்திக்கே வரமாட்டார்கள்,
சமையற்கட்டிலேயே சாப்பிட்டுவிடுவார்கள்.
முதல் இலை, பணம் போட்டு வைத்தவர்களுக்கு.
பின்வரிசைப் பத்திரக்காரர்களுக்குக் கடைசிப் பந்தி.
பங்குக்காரி
இலை எடுக்கிற நேரத்துக்கு வந்து நிற்பவள்.

அந்தக் கடைசிப் பந்திக்காரர்களிடம் வாங்கியது
நாற்பது மில்லியன் டாலர்.
வரும் ஜூலை வரை நாலேகால் சதவீதம்.
பிறகு சந்தை விகிதம், அதன்மேல் மூன்றரை.
பேனா மை உறைந்துவிட்டது.
மனக்கணக்காகவே போடுகிறாள்:
இன்றைய நிலவரத்துக்கு ஏழே முக்கால்.
வருடத்துக்குப் பதினான்கு லட்சம் கூடுதல்.
போன வருட லாபமே தொண்ணூறு லட்சம்தான்.
சரி. வலிக்கும், சாகாது.

அடுத்தது குத்தகை.
ஏழு கிளைகள். ஆண்டுவாரியாக வாடகை.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து,
எல்லாம் சின்னச் சின்ன எண்கள்.
ஆறாவது வரிசைக்கு ஆண்டு இல்லை.
'அதற்குப் பின்' என்று மட்டும் போட்டிருக்கிறது.
மேலே உள்ள ஐந்தையும் கூட்டினால்கூட
அதை எட்டவில்லை.

பசு படுத்துவிட்டது.

இரண்டே முக்கால் மணிக்கு முழங்கைவரை உள்ளே.
ஒரு கால் மடங்கிக் கிடக்கிறது.
கயிறு, சோப்புத் தண்ணீர், டேல் ஊலெட்டின் கெட்ட வார்த்தைகள்.
வழுக்கிக்கொண்டு விழுந்தது கிடாரி.
மூக்கில் வைக்கோலை விட்டுக் கிண்ட, தும்மியது.
டேல் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்:
"இதுவும் ஹார்பெக்காரனுக்கு ஈடுதான்.
பொறக்குறதுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துட்டேன்.
ஒங்க பில்லு, அக்டோபர்ல தரட்டுமா?"

விடியலில் கெஸ்லர் ஊர் வழியாகத் திரும்புகிறாள்.
கிழக்குக் கிளையை மூடி இரண்டு வருடமாகிறது.
வாசலில் ஒருவர் பனி அள்ளிக்கொண்டிருக்கிறார்,
ஓரம் நூல் பிடித்தாற்போல.
கண்ணாடிக்கு உள்ளே
சங்கிலி போட்ட பேனா ஒன்று தொங்குகிறது.

வண்டியை நிறுத்தினாள்.
"உள்ள யாருமே இல்லையே?"
"நடைபாதை சுத்தமா இருக்கணும்னு
குத்தகைத் தாள்ல இருக்கு," என்றார் எமில் ஷ்மால்ட்ஸ்.
"இன்னும் பதிமூணு வருஷம்.
அப்ப எனக்கு எண்பத்தொண்ணு."
"கட்டடம் யாருது?"
மண்வாரியின் பிடியால் கதவைக் காட்டினார்.
சின்னப் பித்தளைத் தகடு:
ட்வெட் குடும்பச் சொத்துகள்.

அவர் அடுத்த வாரியை அள்ளினார்.
அள்ளிய இடத்தில் மறுபடி தூறத் தொடங்கியிருந்தது.

வண்டிக்குள் ஹீட்டர் சூட்டில் பேனா இளகியது.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் ஓரத்தில்
ஆயிரம் என்று எழுதியிருந்ததை அடித்தாள்.
அறுநூற்று நாற்பதை என்ன செய்வது?
அதன் கீழே கோடு போட்டாள்,
விற்கவா, வைத்திருக்கவா என்று
அவளுக்கே இன்னும் தெரியாத கோடு.

'அதற்குப் பின்' வரிசைமேல்
அயோடின் கட்டைவிரல் ரேகை ஒன்று,
பத்திரத்தில் வைத்தது மாதிரி.